சின்னக் கை இருந்த சுவர்

6 ஜூலை 2024

சப்பாத்தைத் தட்டினால் இன்னும் சிவப்பு மண் கொட்டுகிறது. வீடு திரும்பி மூன்று நாளாயிற்று. கமராப் பைக்குள் மண், காதுக்குள் மண், என் மனுசன் பாஸ்கருடைய தேத்தண்ணிப் போத்தலுக்குள்ளும் மண். "இனி உந்தப் பாலைவனத்துக்கு நீர் தனியப் போம், நான் வரமாட்டன்" என்கிறார். ஒவ்வொரு வருஷமும் இதைத்தான் சொல்கிறார். அடுத்த வருஷமும் காரை அவர்தான் ஓட்டுவார்.

எட்டு வருஷமாகப் பாறைகளைப் படம் எடுக்கிறேன். கிழமை நாட்களில் ஆஸ்பத்திரியில் எலும்புகள், லீவு கிடைத்தால் கற்கள். பாஸ்கரின் அக்கா யோகா மச்சாள் கேட்பா: "ஆக்கள் இல்லாத படத்தை ஆர் பாக்கிறது?" நான் பார்க்கிறேன், போதாதா?

இந்த முறை போனது சும்மா இல்லை. அவர்கள் கூப்பிட்டதால் போனேன். ப்ரோக்கன் ஹில்லையும் தாண்டி, தார் ரோட்டு முடிந்து வெகுதூரம். அந்த நிலம் இப்போது அதன் பழைய சொந்தக்காரர்களான பூர்வகுடி மக்களிடமே திரும்ப வந்துவிட்டது. டேரல் அவர்களில் ஒருவர், நிலத்தைக் காவல் பார்ப்பவர். இரண்டு வருஷத்துக்கு முன் "உங்கள் மலையைப் படம் எடுக்கலாமா" என்று எழுதிக் கேட்டிருந்தேன். கேட்டுவிட்டு வருகிறவர்கள் குறைவு என்றார். அந்த ஒன்றுக்காகத்தான் இந்த வேலையை என்னிடம் தந்தார்.

ஒரு பெரிய உருண்டைப் பாறை. இரண்டு மாடி வீட்டு உயரம். அதற்குப் பின்னால் குனிந்து நுழைகிற ஒரு குகை. உள்ளே சுவர் முழுக்கக் கைகள். கையைச் சுவரில் வைத்து, செம்மண் கரைசலை வாயால் ஊதியிருக்கிறார்கள். கையை எடுத்தபின் கை இருந்த இடம் மட்டும் வெறுமையாக நிற்கிறது. ஆடுகள் வந்து உரசுகின்றனவாம், மழை ஒழுகுகிறதாம். அழிவதற்குள் ஒவ்வொரு கையையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துத் தரவேண்டும் என்பதுதான் வேலை.

எல்லாவற்றுக்கும் கீழே, என் முழங்கால் உயரத்தில், ஒரு சின்னக் கை. என் உள்ளங்கைக்குள் அடங்கும். ஆறு வயது, மிஞ்சினால் ஏழு. தினமும் பிள்ளைகளின் கையை எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு வயது சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். பெருவிரலை நல்லாக விரித்து வைத்திருக்கிறது. யாரோ பக்கத்தில் நின்று "அசையாதே" என்று சொல்லியிருக்கவேண்டும்.

டேரல் சொன்னது: உள்ளே எடுத்த படங்கள் எங்களுக்கு மட்டும். வெளியில் நிற்கிற பாறையை எடு, வைத்துக்கொள், ஆட்களுக்குக் காட்டு, பரவாயில்லை. ஆனால் இடம் எங்கே என்று ஒருவருக்கும் சொல்லாதே.

சொல்லமாட்டேன் என்றேன். கை கொடுத்தேன்.

அவருக்கு ஒரு பேத்தி. அடுத்த குளிர்காலத்தில் கூட்டிவந்து அந்தச் சின்னக் கையைக் காட்டப்போகிறாராம். "அவளுக்கு இப்போதுதான் அந்த அளவு கை" என்று சிரித்தார்.

9 ஜூலை

வேலை. இடுப்பு, இடுப்பு, நெஞ்சு, மணிக்கட்டு, இடுப்பு. குளிரில் கிழவர்கள் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்.

14 ஜூலை

படங்களைத் தெரிவுசெய்துகொண்டிருந்தேன். வெளிப்பாறையைப் பொழுதுபடும் நேரம் போனிலும் ஒன்று எடுத்திருந்தேன். இப்போதுதான் ஆறுதலாகப் பார்க்கிறேன். சாய்வெயிலில் நிழல் விழுந்து — வயிறு, மடக்கின கால், இரண்டு பக்கமும் காது. வலப்பக்கம் சுழித்த தும்பிக்கை.

கல்லைக் கல்லாகப் பார்க்கவேண்டும் என்று எட்டு வருஷம் பழகியவள் நான். ஆனாலும் கண் கேட்கிறதா? சிரிப்பு வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போட்டேன். "பாலைவனத்துப் பிள்ளையார்" என்று கீழே எழுதினேன்.

பத்து நிமிஷத்தில் நாற்பது கும்பிடு. நான் இரண்டு வருஷமாகப் போட்ட நல்ல படங்களுக்கு ஒரு சனம் வாய் திறந்ததில்லை.

2 ஆகஸ்ட்

யோகா மச்சாள் போன் எடுத்தா. "தாட்சா, அது வலம்புரி! உமக்கு விளங்குதோ? சும்மா ஆருக்கும் காட்சி குடுக்காது. பெரிசாய் பிறேம் போட்டு சாமி அறையிலை வைக்கப்போறன். உது கலங்கின மாதிரி இருக்கு, வடிவான கொப்பி ஒண்டு அனுப்பும்."

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். அதனால் போனில் எடுத்த மூலப் படத்தை அப்படியே ஃபைலாக அனுப்பினேன். என் பெரிய கமராவில் எடுத்த அழகான படங்கள் எத்தனையோ இருக்க, மச்சாளுக்கு அதுதான் வேணுமாம்.

11 ஆகஸ்ட்

பொயிண்ட் குக்கில் மச்சாள் வீட்டுக்குப் போனோம். சாமி அறையில் என் படம். சந்தனப் பொட்டு, செவ்வரத்தம் பூ, பக்கத்தில் கரண்ட் விளக்கு. வரதராஜா அண்ணை, மச்சாளின் மனுசன், என்னைக் கொண்டுபோய்க் காட்டினார். "தங்கச்சி எடுத்த படம் எண்டு வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறன்." அவர் கொம்பியூட்டர்க்காரன். சுவரில் ஆணி அடித்தாலும் மட்டம் பார்த்துத்தான் அடிப்பார். பிறேம் ஒரு நூல் பிசகவில்லை.

மச்சாளின் மகன் சுஜீதன் அறைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்து, "மாமி, இட்ஸ் எ ராக்" என்றுவிட்டுப் போனான். எனக்கு அவனைப் பிடிக்கும்.

19 செப்டம்பர்

சுஜீதன். ரிங் ரோட்டில். லொறி.

உயிர் இருக்கிறது என்கிறார்கள். வேறொன்றும் சொல்கிறார்கள் இல்லை.

21 செப்டம்பர்

தலையைத் திறந்து இரத்தம் எடுத்திருக்கிறார்கள். இருபது வயது. மீசை கூட இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை.

ஸ்கான் படத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். என் தொழிலே எனக்கு வினையாக இருக்கிறது. மற்ற எல்லாரும் டொக்டர் சொல்வதை நம்பலாம், எனக்கு அந்த வசதி இல்லை.

மச்சாள் காத்திருக்கிற அறையில் நிலத்தில் இருந்தா. கதிரையில் இருக்க மாட்டாவாம். போனில் அந்தப் படத்தைத் திறந்து நெற்றியில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா: "பிள்ளையாரே, என்ரை பிள்ளையை எழுப்பித் தா. உன்ரை காலடிக்கு வந்து அபிஷேகம் செய்து நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறன். அவன் ரெண்டு காலிலை நடக்கட்டும், வாறன்."

பாஸ்கர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மச்சாள், அது பிள்ளையார் இல்லை, அது இன்னொருவருடைய இடம் என்று அந்த நேரத்தில் எந்த மனுசி சொல்லுவாள்?

3 ஒக்டோபர்

மாற்றமில்லை.

22 ஒக்டோபர்

கண் திறந்தான்!! மச்சாளின் விரலை இடக்கையால் பிடித்தானாம். வரதராஜா அண்ணை போனில் அழுகிறார், என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று நானும் அழுதேன். ஸ்கானைப் பார்த்து நான் நினைத்தது பிழை. பிழையாகிப் போனதற்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று தெரியாது.

24 நவம்பர்

கைத்தடியோடு ஆறு அடி நடந்தான். வலப்பக்கம் இழுக்கிறது. பேச்சு மெதுவாக வருகிறது. ஆனால் நடந்தான்.

திரும்பி வரும்போது மச்சாள் காருக்குக் கிட்ட வந்து கேட்டா. "தாட்சா, அது எங்கை இருக்கெண்டு சொல்லும். நேர்த்தி இருக்கு."

சொல்ல ஏலாது என்றேன். அது அவர்களுடைய புனிதமான இடம், நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், இங்கேயே பிள்ளையார் கோயில் இருக்கிறது, நூற்றெட்டு இல்லை, ஆயிரத்தெட்டு உடைப்போம், நானும் வந்து உடைக்கிறேன் என்றேன்.

"நேர்ந்தது அங்கை" என்றா. அவ்வளவுதான். கார்க் கதவை அவவே சாத்திவிட்டா.

1 டிசம்பர்

ஒரு கிழமை யோசித்துவிட்டு டேரலுக்குப் போன் எடுத்தேன். வெட்கத்தைத் தின்றுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையார் என்று நான் எழுதினதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

பையனின் வயதைக் கேட்டார். பிறகு, "பாவம் அந்தத் தாய்" என்றார். வெயில் காலத்தில் அங்கே நிற்க முடியாது, ஜூலையில் குளிருக்குக் கூட்டிவா. நானும் வருகிறேன். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அவள் இருக்கட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும். நெருப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், உள்ளே போகவேண்டாம் என்றார்.

எனக்கு அந்த மனுசனின் காலில் விழவேண்டும்போல் இருந்தது.

2 டிசம்பர்

மச்சாளுக்குச் சொன்னேன். துள்ளிக் குதிப்பா என்று பார்த்தேன்.

"ஜூலையோ? அதுக்கு இன்னும் ஏழு மாசம் கிடக்கு. எண்ணெய் இல்லாமல், கற்பூரம் இல்லாமல் என்ன அபிஷேகம்? ஆரோ ஒரு ஆள் எனக்குக் கணக்குச் சொல்லுறதோ?"

அந்த ஆரோ ஒரு ஆளின் வீடு மச்சாள் அது என்றேன். குரல் கூடிவிட்டது. பாஸ்கர் போனை வாங்கி, "அக்கா, ஜூலைக்குப் போவம்" என்று சமாளித்தார். சமாளிப்பதில் இவரை அடிக்க ஆளில்லை. ஒன்றும் முடிந்திருக்காது, ஆனால் எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள்.

17 பெப்ரவரி 2025

சுஜீதனுக்கு வலிப்பு. குளியலறையில். திரும்பவும் ஆஸ்பத்திரி.

தலையில் அடிபட்டவர்களுக்கு இது வரக்கூடியதுதான், மருந்து இருக்கிறது, பயப்படவேண்டாம் என்று டொக்டர் சொன்னார். நானும் சொன்னேன். மச்சாள் கேட்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையை எழுதப் பயமாக இருக்கிறது. "நேர்ந்ததைச் செய்யாமல் இழுத்தடிச்சால் இதுதான்" என்றா. என்னைப் பார்த்துத்தான் சொன்னா.

1 மார்ச்

வீட்டுக்கு விட்டார்கள். மச்சாள் என்னோடு கதைப்பதில்லை. சரி. ஜூலை வரட்டும்.

10 மார்ச்

நீண்ட வார இறுதி. எனக்கு மூன்று நாளும் வேலை. வெளியில் வெயில் கொளுத்துகிறது. மார்ச்சிலும் இப்படியா?

11 மார்ச்

வேலையில் சாப்பாட்டு நேரம். குறூப்பைத் திறந்தேன்.

பாறை. என்ரை பாறை — என்ரை இல்லை. அவையின்ரை. கை எட்டின உயரத்திலிருந்து கீழே மஞ்சள். தும்பிக்கையில் திருநீற்றுப் பட்டை, குங்குமம். செவ்வந்தி மாலை. கல்லடியில் உடைச்ச தேங்காய் குவியல். முன்னுக்கு மச்சாளும் வரதராஜா அண்ணையும் கும்பிட்டபடி. முகமெல்லாம் வெயிலில் கறுத்து, ஆனால் அப்படி ஒரு நிம்மதி. அந்த முகத்தை நான் ஆறு மாதமாகக் காணவில்லை.

"நேர்த்தி நிறைவேறியது." கீழே நாற்பது கும்பிடு.

எப்பிடி? எப்பிடிப் போனவை? நான் சொல்லேல்லை. பாஸ்கருக்கு நான் காட்டினால்தான் வழி தெரியும். நான் ஆருக்கும் சொல்லேல்லையே!

11 மார்ச், பின்னேரம்

வரதராஜா அண்ணைக்கு எடுத்தேன். சந்தோஷமாகத்தான் கதைத்தார்.

"நீர் சொல்லமாட்டீர் எண்டு தெரியும் தங்கச்சி, அதாலை உம்மைக் கேக்கேல்லை. நீர் அனுப்பின ஃபைலுக்குள்ளையே கிடந்தது. போன் எடுக்கேக்கை இடத்தையும் சேர்த்துத்தானே பதியும். வழி காட்டுற மப்பிலை போட்டன், நேரை கொண்டுபோய் விட்டுது."

நான் வாக்கு மீறவில்லை. வாயைத் திறக்கவில்லை. அனுப்பிவிட்டேன், அவ்வளவுதான். இருபது வருஷமாக ஒரு நோயாளியின் படத்தை என் புருஷனுக்குக்கூடக் காட்டியதில்லை. பெயரை மறைக்காமல் ஒரு படம் வெளியில் போனதில்லை. கல்லுக்கு என்ன பெயர், என்ன விலாசம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு கேட்டேன். உள்ளே போனீங்களா அண்ணை?

"ஓம், அதை ஏன் கேக்கிறீர். காத்து எண்டால் காத்து. கற்பூரம் கொளுத்தக் கொளுத்த நூந்து போச்சு. பின்னுக்கு ஒரு குகை இருந்தது. அதுக்குள்ளை விளக்கை வைச்சுத்தான் பூசையை முடிச்சனாங்கள். மூலஸ்தானம் மாதிரி நல்ல வடிவாய் இருந்தது."

சுவர்?

"சுவரிலை கரி பிடிச்சுப்போச்சு. எண்ணெயும் கொஞ்சம் தெறிச்சிட்டுது. அசிங்கப்படுத்திப்போட்டு வரக்கூடாதெண்டு ஈரத் துவாயாலை நல்லாத் தேய்ச்சுத் துடைச்சுவிட்டனான். ஒரு குப்பை போடேல்லை தங்கச்சி. சிரட்டை முழுக்கச் சாக்கிலை கட்டி டிக்கியிலை போட்டுக்கொண்டு வந்தனாங்கள். நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும்."

அந்தச் சுவரிலை கையள் இருந்தது காணேல்லையோ அண்ணை?

யோசித்தார். "காவி மாதிரி ஏதோ இருந்தது. கோயில் மதிலுக்கு அடிக்கிற காவி மாதிரி. கீழ்ப்பக்கத்திலைதான் கரி கூட. பிள்ளையார் இருக்கிற இடத்திலை காவி இருக்கும்தானே எண்டு நினைச்சன்."

போனை வைத்துவிட்டேன். பாராட்டை எதிர்பார்த்துக் காத்திருந்த மனுசன் அவர்.

கீழ்ப்பக்கத்திலை.

12 மார்ச்

டேரலுக்குச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், என் ஃபைல் உட்பட. அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். "தண்ணீரால் துடைத்தார்களா?"

ஓம் என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.

23 மார்ச்

பாஸ்கர் ஒரு முறுமுறுப்பும் இல்லாமல் காரை எடுத்தார். டேரல் பாறையடியில் நின்றார்.

பாறையில் மஞ்சள் காய்ந்து பொருக்காக நின்றது. தேங்காய்த் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் எறும்பு. செவ்வந்தி இதழ் ஒன்று முள்ளுப்பற்றையில் கொழுவியிருந்தது. அண்ணை எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டார், இதை விட்டுவிட்டார்.

உள்ளே. டேரல் டோர்ச் பிடித்தார். அவரோடு கல்லோவியங்களைப் பராமரிக்கிற ஒரு பெண்ணும் வந்திருந்தா. மேலே உள்ள கைகள் இருக்கின்றன. கரி படிந்திருக்கிறது, அதைப் பொறுமையாக எடுக்கலாமாம். கீழே ஒரு பெரிய வட்டம். துவாய் போன போக்கு அப்படியே தெரிகிறது, சுழட்டிச் சுழட்டி. மேசை துடைப்பது மாதிரி. நல்ல பலமாகத் துடைத்திருக்கிறார். செம்மண் வழிந்து நிலத்தில் காய்ந்திருக்கிறது.

சின்னக் கை இல்லை.

"கரியை விட்டிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்" என்று அந்தப் பெண் சொன்னா. "துடைத்ததுதான் கெடுத்தது."

டேரல் என்னிடம், போன வருஷம் வைத்த அதே இடத்தில் முக்காலியை வை, அதே அளவில் எடு என்றார். எடுத்தேன். அளவுகோலையும் வைத்தேன். எதற்குப் பக்கத்தில் வைப்பது என்று தெரியாமல் கை நின்றுவிட்டது. அவர் வந்து விரலால் இடத்தைக் காட்டினார்.

வெளியில் வந்து நின்றோம். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"பையன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டார்.

"நடக்கிறான்."

"நல்லது" என்றார். பிறகு தன் வண்டியை நோக்கி நடந்தார்.

30 மார்ச்

பொயிண்ட் குக் போய் நடந்ததை, சின்னக் கை, டேரலின் பேத்தி எல்லாவற்றையும் சொன்னேன். வரதராஜா அண்ணை கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சாள் அசையவில்லை. "அவையிட்டை நான் மன்னிப்புக் கேக்கிறன். தெரியாமல் நடந்தது. ஆனால் தாட்சா, நீர் என்னை உப்பிடிப் பாக்காதையும். உயிரோடை இருக்கிற என்ரை பிள்ளை பெரிசோ, ஆரோ எப்பவோ வைச்ச கை பெரிசோ? மயூரா அந்தக் கட்டிலிலை கிடந்திருந்தால் நீர் என்ன செய்திருப்பீர்?"

மயூரா பக்கத்தில்தான் நின்றாள். என் மகள், பதினேழு வயது. தன் பெயர் கேட்டதும் வெளியில் போய்விட்டாள்.

அவனை எழுப்பியது டொக்டர்கள், கல் இல்லை என்று கத்தினேன். சுஜீதன் அறைக்குள் இருந்தான். கேட்டிருக்கும்.

4 ஏப்ரல்

இன்று ஒரு பிள்ளை. விளையாட்டுத் திடலில் விழுந்து மணிக்கட்டு. கையைத் தட்டில் வைத்து விரல்களை விரித்து விட்டேன். "அசையக்கூடாது" என்றேன். பெருவிரலை நல்லாக விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கூட வேலை செய்கிற பிரதீப்குமாரைக் கூப்பிட்டு நீ எடு என்றுவிட்டு வெளியில் வந்துவிட்டேன். மாடிப்படியில் இருந்தேன். கன நேரம்.

18 மே

டேரலின் ஆட்கள் கூட்டம் வைத்து முடிவெடுத்திருக்கிறார்கள். பொலிசுக்குப் போகவில்லை. மச்சாளும் அண்ணையும் மன்னிப்புக் கேட்டதை ஏற்றுக்கொண்டார்களா என்று தெரியாது, பெற்றுக்கொண்டார்கள். அந்தப் பாதைக்கு இனிமேல் பூட்டு. வெளியாட்கள் ஒருவரும் இல்லை, நானும் இல்லை. நான் எடுத்த உள்படங்கள் முழுவதும் அவர்களிடம் போகவேண்டும், என்னிடம் ஒரு கொப்பியும் இருக்கக்கூடாது. வெளிப்பாறையும் சேர்த்து.

நியாயம். நூற்றுக்கு நூறு நியாயம்.

25 மே

டிஸ்க்கைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். டேரலுக்கு இல்லை, அவர்களுடைய அலுவலகத்துக்கு. அவர் என் போனை எடுப்பதில்லை.

பிறகு அழித்தேன். மயூரா பக்கத்தில் இருந்து, கிளவுட்டில் கிடப்பது, பழைய போனில் கிடப்பது, குப்பைத்தொட்டியில் கிடப்பது என்று ஒவ்வொன்றாகத் தேடித் தந்தாள். அந்தச் சின்னக் கை திரையில் வந்தபோது, "அம்மா, ஆர் யூ ஷுவர்?" என்று கேட்டாள். இனி அது இருக்கிற ஒரே இடம் அவர்களின் பெட்டி. அங்கேதான் இருக்கவேண்டும். பேத்திக்கு அவர்கள் காட்டுவார்களா, சுவரில் காட்ட இருந்ததைக் கடதாசியில் காட்ட டேரலுக்கு மனம் வருமா, அதெல்லாம் நான் கேட்கக்கூடிய விஷயமில்லை.

நானே அழுத்தினேன்.

8 ஜூன்

குளிர்காலம் தொடங்கிவிட்டது. பாஸ்கர் லீவு போடவா என்று கேட்டார். எதற்கு என்றேன். கமராப் பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். தள்ளும்போது கொஞ்சம் மண் கொட்டியது.

29 ஜூன் 2025

மச்சாள் போன் எடுத்தா. மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல். "சுஜீ மாமியைக் கேக்கிறான். சாப்பிட வாங்கோ" என்றா. போனோம்.

சுஜீதன் இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறான். என் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனான். எதையோ காட்டவேண்டுமாம். போகும் வழியில் சாமி அறை திறந்திருந்தது. அந்தச் சுவரில் ஆணி மட்டும், மட்டம் பிசகாமல்.

பிரிஜ் கதவில் காந்தத்தால் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. அவனுக்குக் கைப்பயிற்சி கொடுக்கிற பெண் செய்யச் சொன்னதாம். இடக்கையை விரித்துக் கடதாசியில் வைத்து, இழுக்கிற வலக்கையால் பேனையைப் பிடித்துச் சுற்றிவரக் கீறவேண்டும். கோடு நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. சின்னவிரல் பக்கம் இரண்டு தரம் தவறி, திரும்ப வந்திருக்கிறது. பெருவிரல் நல்லாக விரிந்திருந்தது.

"நல்லா இருக்கா மாமி?" என்று தமிழில் கேட்டான். ஒவ்வொரு சொல்லாக.

நல்லா இருக்கு அப்பு என்றேன். அவன் பாஸ்கரிடம் போய்விட்டான்.

மச்சாள் அடுப்படியில் நின்றா. நான் அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறா. திரும்பியபோதுதான் தெரிந்தது.

"தாட்சா, அந்தக் கை எவ்வளவு பெரிசு இருக்கும்?"

என் உள்ளங்கையை விரித்து, விரல்களின் முதல் மடிப்பில் மற்றக் கையால் கோடு போட்டுக் காட்டினேன். "இவ்வளவுதான் மச்சாள். ஆறு, ஏழு வயசுப் பிள்ளை."

என் கையையே பார்த்தா.

"அந்தாளின்ரை பேத்தி அதைக் கண்டவளோ?"

"இல்லை. இந்த வருஷம்தான் காட்டுறதாய் இருந்தவர்."

"உம்மட்டைப் படம் இருக்கோ? ஒருக்கால் பாக்க."

"இல்லை மச்சாள். எல்லாம் அழிச்சாச்சு."

அகப்பையைக் கையில் பிடித்தபடி கதிரையில் இருந்துவிட்டா. அழவில்லை. பிரிஜ் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தா. முன்னறையில் பாஸ்கர் ஏதோ பகிடி சொல்ல, சுஜீதன் சிரிக்கிற சத்தம் கேட்டது. சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. நான்தான் எழும்பிப் போய் அடுப்பை நூத்தேன்.